தேவகி அக்காவின் பைனுக்குத் தண்ணீர்

போன மாதம் எங்கள் நர்சரியின் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைக் கேட்டிருந்தாள். "பார்வதி தீதி, நாங்க இப்ப விதை போட்டுத்தான் பைன் போன்சாய் வளர்க்குறோம். அந்தக் காலத்துல நீங்கல்லாம் மலைக்குப் போய்க் காட்டுக் கன்றைத் தோண்டி எடுத்துட்டு வருவீங்களாமே. அது தப்பில்லையா?" அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அந்தக் காலம் என்றுதான் இருந்தது.

கேள்வி நியாயமானது. அதற்குச் சின்ன பதில் ஒன்று உண்டு. அதைக் குழுவிலேயே எழுதிவிட்டேன். சாலை அகலப்படுத்துவதற்காக வெட்டப்போகிற சரிவுகளில் மட்டும்தான் எடுப்போம், வன அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் மண்வெட்டியைத் தொட மாட்டோம் என்று. பெரிய பதிலைக் கைபேசியில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அது தேவகி அக்காவின் பைன் மரத்தின் கதை.

என் அப்பா கொல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார். கார்டன் ரீச் பக்கம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று ஜாதவ்பூரில் ஒரு நர்சரியின் போன்சாய் பிரிவில் சேர்ந்தேன். அந்த 'வரைக்கும்' ஓய்வு பெறும் நாள்வரை நீண்டுவிட்டது. முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொட்டி மண்ணில் கலக்கச் செங்கல்லை உடைத்துச் சில்லாக்கினேன், சலித்தேன், தொட்டி கழுவினேன், மறுபடி உடைத்தேன். படித்த படிப்புக்கு இதுவா என்று அம்மா புலம்புவாள். அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு அது பிடித்துப்போயிருந்தது.

பிரிவின் தலைமை பிமல்-தா. 'தீதி' என்றால் அக்கா, 'தா' என்றால் அண்ணன். இங்கே மேலதிகாரியையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், எந்நேரமும் கசங்கிய சட்டை. அவருடைய கால்பந்து அணி தோற்ற மறுநாள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் நாம் தோற்றுப்போவோம். இதைச் செய், அதைச் செய் என்று அவர் உத்தரவு போட்டு நான் கேட்டதே இல்லை. செய்யாதே என்பதுதான் அவருடைய உத்தரவு. யாராவது கத்தரிக்கோலோடு ஒரு மரத்தை நெருங்கினால் "ஆகே சா காவ்" என்பார். முதலில் டீ குடி என்று அர்த்தம். ஸ்டவ்வைப் பற்றவைத்து அவரே போட்டும் கொடுப்பார். குடித்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வெட்டும் ஆசை போய்விடும். மீதிப் பேருக்கு எங்கே வெட்டக் கூடாது என்பதாவது புரிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. மலையிலிருந்து வந்த கன்றுகளின் தொட்டியில் சிவப்பு நூல் கட்டுவார், காளி கோயிலில் நம் மணிக்கட்டில் கட்டிவிடுகிற அதே நூல். நூல் கட்டிய தொட்டியில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. கம்பி சுற்றக் கூடாது, நுனி கிள்ளக் கூடாது, களையைக்கூட அவரைக் கேட்டுத்தான் பிடுங்க வேண்டும். காட்டில் வளர்ந்த மரத்துக்குத் தொட்டியில் வாழ்வதே பெரிய வேலை, அதற்கு மேல் நாம் வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பார். நூல் கட்டினால் இரண்டு வருஷமாவது அவிழாது. தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. பின்னால் வந்த வினைக்கு அதுதான் வாசல்.

குளிர்காலத்தில், பைன் புதுக் குருத்து விடுவதற்கு முன்னால், சியால்தாவில் ரயிலேறுவோம். சிலிகுரியில் இறங்கி, தீஸ்தா நதியை ஒட்டிய சாலையில் ஜீப்பில் போவோம். அந்தத் தாழ்ந்த மலைகளில் வளர்வது சீர் பைன், மூன்று மூன்றாக நீண்ட ஊசியிலைகள் உள்ள வகை. வெயில் தாங்கும் என்பதால் கொல்கத்தாவுக்குத் தோதானது. இதற்கு ஒரு குணம் உண்டு. கோடையில் காட்டுத்தீ வந்து கன்றின் தலையைக் கருக்கிவிட்டுப் போகும். பெரும்பாலான பைன்கள் அத்தோடு சரி. சீர் பைன் கன்று மட்டும் தரையை ஒட்டிய அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த கோடையில் மறுபடி கருகும், மறுபடி துளிர்க்கும். மேலே பார்த்தால் முழங்கை உயரம்கூட இருக்காது. அடியைத் தடவிப் பார்த்தால் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். நாங்கள் தேடிப் போவது அந்த அடியைத்தான்.

எடுப்பதற்கும் முறை உண்டு. கன்றைச் சுற்றி வட்டமாக வெட்டி, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் தூக்கி, ஈரச் சணல் சாக்கில் குழந்தையைச் சுற்றுவதைப் போலச் சுற்ற வேண்டும். அந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடும், ஒரு வகைப் பூஞ்சை. பைன் வேருக்கு அது வேண்டும். அழுக்கு என்று கழுவினால் மரம் போயிற்று. ஊருக்கு வந்ததும் அந்த மலை மண்ணோடேயே தொட்டியில் வைத்து, சுற்றிலும் நர்சரிக் கலவையை நிரப்புவோம். அப்புறம் சிவப்பு நூல்.

தேவகி அக்கா எங்கள் வாடிக்கையாளர். கணவர் மத்திய அரசில் பொறியாளர். கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். அக்காவுக்குச் சொந்த ஊர் மதுரை. முதல் தடவை வந்தபோது தொட்டியின் விலையை என்னிடம் வங்காளத்தில் கேட்டுத் திணறிக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொன்னதும், "அட, நம்ம பிள்ளையா நீ" என்று தோளில் ஒரு தட்டு தட்டினார். அதற்கப்புறம் விலை கேட்பதற்காக மட்டும் வந்ததில்லை. மற்றவர்களுக்கு அவர் 'பௌதி', அதாவது அண்ணி. பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து எல்லாருக்கும் பரிமாறுகிற அண்ணியை யாருக்குத்தான் பிடிக்காது.

ஒரு குளிர்காலம் நாங்கள் மலைக்குக் கிளம்பியபோது தானும் வருவதாக நின்றார். பிமல்-தா டீ போட்டுக் கொடுத்துப் பார்த்தார். குடித்துவிட்டும் வருவேன் என்றார். அந்தச் சரிவில் அழகான கன்றுகளை எல்லாம் விட்டுவிட்டு, பாதி கருகி ஒருபக்கம் சாய்ந்து நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புல்டோசர் அடுத்த வளைவில் நின்றுகொண்டிருந்தது.

"இதை விட்டுட்டுப் போக மனசு வரல பார்வதி."

பிமல்-தா குனிந்து அடியைத் தடவினார். "உங்க பொண்ணை விட வயசு ஜாஸ்தி இருக்கும் இதுக்கு," என்றார். அக்காவே மண்ணில் உட்கார்ந்து தோண்டினார். சேலையெல்லாம் செம்மண். ரயிலில் அந்தச் சாக்கு மூட்டையை மடியை விட்டு இறக்கவில்லை.

அவ்வளவு ஆசை ஏன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருஷமே மழைக்காலம் முடியும் நேரத்தில் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அக்கா நர்சரிக்கு வந்து, நூல் கட்டிய தொட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இதையாவது கையோட கொண்டு போகலாம்னு நினைச்சேன்," என்றார்.

"இன்னும் வேர் பிடிக்கலக்கா. இப்ப லாரியில ஏத்தினா செத்துரும். நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க வரும்போது எடுத்துக்கிடுங்க."

"எந்த ஊருக்குப் போனாலும் ஒரு முருங்கையும் ஒரு கருவேப்பிலையும் வச்சிருவேன் பார்வதி. அது ஆள் உயரம் வர்றப்ப ஆர்டர் வந்துரும். அடுத்து வர்ற வீட்டம்மா கையைப் புடிச்சுச் சொல்லிட்டு வருவேன், தண்ணி மட்டும் மறந்துராதீங்கன்னு. எல்லாரும் சரி சரிம்பாங்க. ஒருத்தராச்சும் ஊத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறே? நாக்பூர்ல ஒரு தடவை அந்தப் பக்கமாப் போனப்ப எட்டிப் பாத்தேன். முருங்கை நின்ன இடத்துல ஸ்கூட்டர் நிக்குது."

நாங்கள் அப்படி இல்லை என்றேன். அக்கா தலையாட்டினார். அந்தச் சரி சரியை அவர் நிறைய இடங்களில் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. கிளம்பும்போது ஒவ்வொருவரிடமாகப் போய் விடைபெற்றார். காவலாளி ஹரிபதோவிடம் கொஞ்ச நேரம், களை எடுக்கும் ஷெஃபாலியிடம் கொஞ்ச நேரம், வேன் ஓட்டுகிறவர், மண் கலக்குகிறவர், கணக்குப் பார்க்கிறவர் என்று எல்லாரிடமும் தணிந்த குரலில் ஏதோ பேசினார். ஊருக்குப் போகிறவர் பிரிய மனமில்லாமல் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பூஜை வந்தது. துர்கா பூஜைக்கு இங்கே ஊரே கடையைச் சாத்திவிடும். ஷஷ்டி முதல் தசமி வரை நர்சரியும் மூடல். அந்த நாள்களில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஹரிபதோவுடையது. நர்சரிக்குப் பின்னாலேயே அவன் குடியிருந்தான். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றினேன். நடுவில் இரண்டு நாள் மழையும் பிடித்துக்கொண்டது.

தசமி முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள், கட்டிப்பிடித்து விஜயா வாழ்த்துச் சொல்வதும், பெரியவர்கள் காலைத் தொடுவதும், தேங்காய் உருண்டை கொடுப்பதுமாக முற்பகல் முழுக்கப் போய்விடும். அன்றைக்கும் கொட்டகையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஹரிபதோ ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு பெருமையாகச் சொன்னான்.

"பௌதி பைனுக்கு ஒரு நாள் தவறாம ஊத்தினேன் தீதி. பண்டிகைன்னு விடல."

ஷெஃபாலி திரும்பினாள். "நீயா? நான்ல வந்து ஊத்தினேன். பின்கேட் வழியா, பந்தலுக்குப் போறப்ப தினமும். பௌதி என்கிட்டத்தானே சொல்லிட்டுப் போனாங்க."

வேன் ஓட்டுகிறவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "என்கிட்டயும் சொன்னாங்களே."

மண் கலக்குகிறவர் தரையைப் பார்த்தார். கணக்குப் பார்க்கிறவர் டோலிகஞ்சிலிருந்து மகனை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு தினமும் வந்து போயிருக்கிறார். மகன் கையில் பாட்டில். ஆளுக்கு ஒரு நேரம். மற்றவர்கள் பண்டிகைக் குஷியில் மறந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. அது போதாதென்று ஹரிபதோ இன்னும் ஒன்று சொன்னான்.

"ஊத்துற தண்ணியெல்லாம் கீழே ஓட்டை வழியா ஓடிருது தீதி. பாவம், அது குடிக்கவே நேரமில்ல. அதான் அடியில ஒரு காம்லாவை வச்சேன்."

காம்லா என்றால் அகலமான பேசின். பைன் அத்தனை நாளும் பேசின் தண்ணீரில் நின்றிருக்கிறது.

பிமல்-தா தேங்காய் உருண்டையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். நாங்களும் பின்னால் ஓடினோம். பேசினை விலக்கிவிட்டுத் தொட்டியின் ஓரத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். எனக்கும் அந்த வாடை வந்தது. புளித்துப்போன மாவின் வாடை. ஊசிகளில் பச்சை இருந்தது, பளபளப்பு இல்லை. அவர் டீ குடி என்று சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, தானே கட்டிய சிவப்பு நூலைத் தானே அறுத்தார். அத்தனை வருஷத்தில் நேரத்துக்கு முன்னால் அவர் நூலை அறுத்து அன்றுதான் பார்த்தேன்.

மூங்கில் குச்சியை ஓரமாக விட்டு ஓட்டி, மரத்தை மெல்லத் தூக்கினோம். வெளிச்சுற்று வேர்கள் கறுத்திருந்தன. தொட்டால் தோல் மட்டும் விரலோடு வந்தது, ஊறவைத்த பாதாமின் தோல் போல. ஒவ்வொரு வேராக நான் தூக்கிப் பிடிக்க, உள்ளே வெளுப்பு தெரியும் வரைக்கும் அவர் பின்னோக்கி வெட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தார். நர்சரிக் கலவைக்குள் போயிருந்த வேர் அத்தனையும் போய்விட்டது. நடுவில் கைப்பிடி அளவுக்கு ஒரு மண் கட்டி மட்டும் மிஞ்சியது. மலையிலிருந்து வந்த மண். அதை முகர்ந்தார், எனக்கும் நீட்டினார். காளான் மணம். உள்ளே வெள்ளை நூல் அறுபடாமல் ஓடியது. அதற்குள் இருந்த வேர்கள் விறைப்பாக இருந்தன.

"இது இன்னும் மலையிலதான் இருக்கு," என்றார் பிமல்-தா.

அந்தக் கட்டியைக் குலைக்காமல், தூள் போகச் சலித்த செங்கல் சில்லிலும் ஆற்று மணலிலும் வைத்தோம். எருவோ உரமோ கிடையாது. ஆடாமல் கயிறு போட்டுக் கட்டினோம். தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அரைச் செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்தோம். சாய்ந்தால் தண்ணீர் தங்காது. மேலே நிழல் வலை. இத்தனை கொஞ்சம் வேர் அத்தனை ஊசிக்கும் எப்படித் தண்ணீர் கொடுக்கும் என்று பயந்து, மேல் கிளைகளை வெட்டிவிடலாமா என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஆகே சா காவ்," என்றார். இந்தத் தடவை ஊற்றும்போதே டீயில் பாதி தட்டில் கொட்டியது. "எதை விடணும், எதை வச்சுக்கணும்னு அது முடிவு பண்ணட்டும். நாம பண்ண வேணாம்." பிறகு புது நூல் எடுத்துக் கட்டினார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன். என்ன ஆகுமோ என்று அஞ்சு பேரும் பக்கத்திலேயே நின்றார்கள். ஷெஃபாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பைனுக்கு ஒடம்பு சரியில்லக்கா. வேர் அழுகிட்டு."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அஞ்சு பேருமா?" என்றார்.

"அஞ்சு பேரும்தாங்க்கா."

"நான்தான் பார்வதி. ஒவ்வொருத்தரா தனித்தனியாப் போய்ச் சொன்னேன். ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் ஊத்துவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தருமே மறக்க மாட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" உடனே, "யாரையும் ஒரு வார்த்தை சொல்லிராதீங்க," என்றார்.

அதை வங்காளத்தில் சொன்னேன். ஹரிபதோ வெளியே போய், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பேசினைத் தூக்கித் தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தான்.

குளிர்காலம் முழுக்க அந்த மரம் கீழிருந்து மேலாகப் பழுத்தது. தை மாதத்தில் ஒரு பச்சை ஊசி இல்லை. முதலாளியின் மகன் மலர்க் கண்காட்சிக்கு முன்னால் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, செத்த மரத்துக்கு எதற்கு மேடையில் இடம் என்றார். அந்த அம்மா திரும்பி வந்தால் வேறொரு பைனைக் கொடுத்துவிடுங்கள், எல்லாம் ஊசிதானே என்றும் சொன்னார். பிமல்-தா அவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மரம் மேடையிலேயே இருந்தது. எனக்கு நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்க்கக் கை துறுதுறுத்தது. நூல் தடுத்தது. உண்மையைச் சொன்னால், நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். நம்பிக்கை இருந்ததால் யாரும் காத்திருக்கவில்லை. நூல் இருந்ததால் காத்திருந்தோம்.

ஹோலி சமயம், இங்கே 'தோல் ஜாத்ரா' என்பார்கள், ஷெஃபாலி களை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தாள். "தீதி, பைன் தொட்டியில ஒரு களை முளைச்சிருக்கு. நூல் இருக்கே, புடுங்கட்டுமா?" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கருகிப்போன அடித்தண்டில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு சின்னக் குஞ்சம். ஊசிகள் மூன்று மூன்றாக இல்லை. ஒற்றை ஒற்றையாக, வெளிறிய நீலப் பச்சையில், விதையிலிருந்து அப்போதுதான் வந்த கன்றுக்கு இருப்பதைப் போல இருந்தன. சீர் பைன் தீக்குப் பிறகு விடுகிற துளிர் அது.

"அது களை இல்ல ஷெஃபாலி," என்றேன். அவள்தான் கத்தி ஊரைக் கூட்டினாள். பிமல்-தா வந்து குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். அதற்கு முந்தின நாள் அவருடைய அணி தோற்றிருந்தது. ஆனாலும் சிரித்தார்.

அக்காவிடம் போனில் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த இடத்துல வந்திருக்கு?"

"அடியிலக்கா. தீயில கருகின தழும்புக்குப் பக்கத்துல."

"அப்பச் சரி. அதுக்குப் பழகின இடந்தான்."

பிறகு வருஷங்கள் ஓடின. காலம் முடிந்து பிமல்-தா நூலை அவிழ்த்ததும்தான் வேலையைத் தொடங்கினோம். துளிர்களில் ஒன்றைத் தண்டாக விட்டோம். செத்துப்போன பழைய தண்டை வெட்டவில்லை. பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சிய கரைசலைத் தடவினோம். அது வெள்ளையாக நின்றது, அதன் தோளில் சாய்ந்துகொண்டு புதுத் தண்டு ஏறியது. அக்கா வரும் வரைக்கும் இருக்கட்டும் என்று நூலை மறுபடி கட்டினோம். பிமல்-தா ஓய்வு பெற்று சிலிகுரியில் மகனோடு போய் இருந்தார். டீ போடும் வேலை எனக்கு வந்தது. தண்ணீர் ஊற்ற ஒரு முறை வைத்தேன். ஊற்றியவர் தொட்டி மேல் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைக்க வேண்டும். கல் இருந்தால் அன்றைக்கு அடுத்தவர் ஊற்றக் கூடாது, மறுநாள் காலையில்தான் கல்லை எடுப்போம். அந்தக் கூழாங்கல் இன்றைக்கும் எங்கள் நர்சரியில் இருக்கிறது. குழுவில் கேள்வி கேட்ட பெண்கூடத் தினமும் அதை எடுத்து எடுத்து வைக்கிறாள். எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மலைக்குப் போவதை நிறுத்தியதும் நான் தலைமையில் இருந்தபோதுதான். சரிவுகள் வெட்டி முடிந்துவிட்டன. இனி எடுத்தால் நிற்கிற காட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது எங்கள் வேலை இல்லை. விதைதான் சரி. என் கடைசி வருஷத்தில் நான் போட்ட விதைத் தட்டில் பைன்கள் இப்போது விரல் உயரம் நிற்கின்றன என்று படம் அனுப்புகிறார்கள். பெரிதாக்கிப் பார்க்கிறேன். அடி இன்னும் ஒல்லிதான். ஆகட்டும், அவற்றுக்கும் காலம் இருக்கிறது.

தேவகி அக்கா வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால். கணவருக்கு வேலை முடிந்துவிட்டது. மகளுக்கு இங்கேயே வேலை. லேக் கார்டன்ஸில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். கிழக்குப் பார்த்த பால்கனி. இனி ஆர்டர் வராது. தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே அக்கா, அதே பூரிப் பாத்திரம். முதலில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன், எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

"டீ குடுக்கிறியா. அப்ப இன்னும் என்னமோ ஆகியிருக்கு."

"ஒண்ணும் ஆகலக்கா. குடிங்க."

மரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். படங்களில் பார்த்திருந்தாலும் நேரில் பார்த்ததும் அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளைத் தண்டை ஒரு விரலால் தொட்டார், பச்சைத் தண்டைத் தொட்டார், கடைசியாக அடியைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"நான் விட்டுட்டுப் போனதை விடக் குள்ளமாயிருச்சு," என்றார். "மேல இருந்து கீழே டிரான்ஸ்பர் போட்டிருக்காங்க." சிரித்தார். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. "விட்டுட்டுப் போன இடத்துல, வச்ச மரம் உசுரோட நின்னு நான் பாத்ததே இல்ல பார்வதி."

அஞ்சு பேரும் வந்து சுற்றி நின்றார்கள். ஷெஃபாலிக்குப் பேத்தி பிறந்திருந்தாள். ஹரிபதோவுக்கு முதுகு வளைந்திருந்தது. கணக்குப் பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். சொல்லி அனுப்பி, டோலிகஞ்சிலிருந்து அதே மகனின் ஸ்கூட்டரில் வந்தார், இப்போது அப்பா பின்னால். ஒருவரும் மரத்தைத் தொடவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேசின் அவர்கள் நடுவில் இருப்பது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு நூலை நான் அவிழ்த்ததும், தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஹரிபதோவின் முன்னால் நீட்டினார்.

"ஜோல்," என்றார் தன்னுடைய வங்காளத்தில். தண்ணீர்.

ஹரிபதோ என்னைப் பார்த்தான். தொட்டியின் மேல் அன்று காலையிலேயே வைத்த கூழாங்கல் இருந்தது. அக்கா அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஊத்துங்க ஹரிபதோ-தா. ஓட்டை தொறந்துதானே இருக்கு."

அவன் குவளையை எடுத்து, மரத்தின் அடியைச் சுற்றி மெதுவாக ஊற்றினான். ஷெஃபாலி குவளையை வாங்கிக்கொண்டாள். பிறகு வேன் ஓட்டுகிறவர், மண் கலக்குகிறவர், கணக்குப் பார்த்தவர். தண்ணீர் செங்கல் சில்லு வழியாக இறங்கி, அடியிலிருந்த ஓட்டைகளில் ஒழுகி, அக்காவின் சேலைக் கொசுவத்திலும் பாதத்திலும் விழுந்தது. அவர் நகரவில்லை. பிரிவின் தலைமை என்ற முறையில் நான் தடுத்திருக்க வேண்டும். என் டீ ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.